கட்டியவரும் கலங்களும்

ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் அவர் பிறந்த நாளில் தொடங்கி இறந்த நாளில் முடிப்பது வழக்கம். அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் அவ்வழக்கம் பொருந்தலாம். ஒன்றை ஆக்கித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்க்கு அது பொருந்துவதில்லை. அவர் கண் மூடிய பின்னும் அவர் செய்த பொருள் உலகில் நடமாடிக்கொண்டிருக்கிறது. அது எங்கே சென்றது, யாருக்குப் பயன்பட்டது, எவ்வாறு முடிந்தது என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் வரலாறு நிறைவு பெறும். கவிஞர்க்கு இது பொருந்துவதை நாம் அறிவோம். கப்பல் கட்டியவர்க்கு இது இன்னும் வெளிப்படையாகப் பொருந்தும். ஏனெனில் கப்பலுக்கும் மனிதரைப் போலவே பிறப்பும் பெயரும் பயணமும் முதுமையும் முடிவும் உண்டு.

விக்டோரியா அரசியார் இங்கிலாந்தை ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் கடற்பயணம் அடியோடு மாறிற்று. மரத்தின் இடத்தை இரும்பும், பாயின் இடத்தை நீராவியும், பக்கவாட்டில் சுழன்ற துடுப்புச் சக்கரத்தின் இடத்தை நீருக்கடியில் சுழலும் திருகும் பிடித்தன. இம்மாற்றங்களை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் இசம்பார்ட் கிங்டம் புருனெல். அவர் கடலோடப் படைத்த பெருங்கப்பல்கள் மூன்றே. ஒவ்வொன்றும் தான் பிறந்த நாளில் உலகின் மிகப் பெரிய நீராவிக் கப்பல். ஆயினும், எந்த வாழ்வுக்கென்று அவர் அவற்றைப் படைத்தாரோ அந்த வாழ்வை அவற்றுள் ஒன்றும் முழுமையாக வாழவில்லை. வேறு வாழ்வுகளை அவை வாழ்ந்தன. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தந்தையின் சிறையும் ஆற்றின் வெள்ளமும்

புருனெல் 1806 ஏப்ரல் 9 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தை மார்க் புருனெல் பிரெஞ்சு நாட்டவர். புரட்சிக் காலத்தில் தாய்நாட்டை விட்டு அமெரிக்கா சென்று, அங்கிருந்து இங்கிலாந்தை அடைந்தவர். பாய்மரக் கப்பல்களுக்கு வேண்டிய கப்பிகளைக் கைத்தச்சர் செய்துவந்த காலத்தில், அவற்றை எந்திரங்களால் செய்யும் முறையை வகுத்துக் கடற்படைக்குத் தந்த பேரறிவாளர். தாய் சோபியா கிங்டம் ஆங்கிலேயப் பெண்மணி. அவ்வம்மையாரின் குடிப்பெயரே மகனின் நடுப்பெயராக அமைந்தது.

தந்தைக்கு அறிவு இருந்த அளவுக்குப் பணக் கணக்கு கைவரவில்லை. போர்வீரர்க்குக் காலணி செய்யும் பட்டறை ஒன்றை அவர் நடத்தினார். நெப்போலியன் போர்கள் முடிந்ததும் காலணி வாங்க ஆளில்லாமல் போயிற்று. கடன் பெருகி 1821இல் அவர் கடனாளிகளுக்கான சிறையில் அடைபட்டார். அப்போது மகனுக்கு வயது பதினைந்து. பிரான்சில் கல்வி பயின்றுகொண்டிருந்தார். தந்தையார் உருசிய நாட்டுக்குப் பணிசெய்யப் போய்விடக்கூடும் என்ற செய்தி எழவே, ஆங்கில அரசு பணம் கொடுத்து அவரை மீட்டது. திறமை மட்டும் ஒருவரைக் காவாது என்பதை மகன் இளமையிலேயே கண்டார். கண்டும், பணத்தைவிட வேலையின் பெருமையையே இறுதிவரை பெரிதாக எண்ணினார்.

1825இல் தந்தை தேம்சு ஆற்றுக்கடியில் சுரங்கவழி ஒன்றைத் தோண்டத் தொடங்கினார். ஓடும் பேராற்றின் அடியில் மென்மண்ணைக் குடைந்து வழி அமைப்பது அதுவரை எவரும் செய்து முடிக்காத செயல். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழுவைக் கண்டே அதற்கான கருவியின் எண்ணம் அவருக்கு எழுந்தது என்பர். மகன் இருபது வயதில் அப்பணியின் பொறுப்பைத் தாங்கினார். 1827இல் ஆறு உள்ளே புகுந்தது. மண்மூட்டைகளைக் கொட்டிப் பிளவை அடைத்தார்கள். 1828 சனவரியில் மீண்டும் புகுந்தது. தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். இளைய புருனெலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் மேலே தள்ளிற்று. கடுங்காயத்துடன் அவர் உயிர் பிழைத்தார். வேலை ஏழாண்டுகள் நின்று, பின் தொடர்ந்து, 1843இல் சுரங்கம் திறக்கப்பட்டது. இன்றும் அதன் வழியே இலண்டன் மாநகரத் தொடர்வண்டிகள் ஓடுகின்றன.

காயம் ஆறுவதற்காகச் சென்ற இடங்களுள் ஒன்று பிரிஸ்டல் நகரை அடுத்த கிளிஃப்டன். அங்கே ஏவன் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கின்மேல் பாலம் அமைப்பதற்குப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. புருனெல் வரைந்தளித்த தொங்குபாலம் ஏற்கப்பட்டு 1831இல் வேலை தொடங்கியது. பணம் தட்டுப்பட்டு, இரு கரைகளிலும் கோபுரங்கள் மட்டும் எழுந்து நின்றன. பாலத்தை அவர் கண்ணால் காணவில்லை. அதனை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் காண்போம்.

இருப்புப்பாதையிலிருந்து கடலுக்கு

இலண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு இருப்புப்பாதை அமைக்க எழுந்த கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம் 1833இல் புருனெலைப் பொறிஞராக அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. பிற பொறிஞர்கள் தண்டவாளங்களுக்கிடையே 4 அடி 8½ அங்குலம் விட்டபோது, இவர் ஏழு அடி விட்டார். வண்டி விரைந்தும் குலுங்காமலும் செல்ல அதுவே ஏற்றது என்பது அவர் முடிவு. முடிவு பிழையன்று. ஆயினும் நாடெங்கும் குறுகிய பாதை முன்பே பரவிவிட்டது. இருவேறு பாதைகள் சந்தித்த இடங்களில் சரக்கை எல்லாம் இறக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. 1846இல் நாடாளுமன்றம் குறுகிய பாதைக்குச் சார்பாகச் சட்டம் இயற்றியது. 1892இல் கடைசி அகலப்பாதையும் பெயர்க்கப்பட்டது. சிறந்ததைச் செய்வது வேறு, உலகம் ஏற்கும் காலத்தில் செய்வது வேறு என்னும் பாடம் இதில் இருந்தது. அவர் அதனைக் கற்றுக்கொள்ளவில்லை.

1835இல் அந்நிறுவனத்தின் இயக்குநர் கூட்டத்தில் ஒருவர், பாதை மிக நீளமாய் இருக்கிறதே என்று கவலைப்பட்டார். அப்படியானால் பிரிஸ்டலோடு நில்லாமல் நீராவிக் கப்பல் ஒன்றைக் கட்டி நியூயார்க் வரை நீட்டிவிடலாமே என்று புருனெல் விடை கூறினார். பலர் அதனை வேடிக்கை என்று எண்ணினர். அவரோ அதனை உண்மையாகவே எண்ணியிருந்தார்.

அக்காலத்தில் நீராவிக் கப்பல்கள் ஆறுகளிலும் கரையோரங்களிலும் ஓடின. அட்லாண்டிக் பெருங்கடலை இடைநில்லாமல் நீராவியாலேயே கடப்பது நடவாத செயல் என்று கற்றோர் பலர் கருதினர். தொலைவு மிகுந்தால் மிகுந்த நிலக்கரி வேண்டும். மிகுந்த கரிக்குப் பெரிய கப்பல் வேண்டும். பெரிய கப்பலை ஓட்ட இன்னும் மிகுந்த கரி வேண்டும். ஆகவே இதற்கு முடிவில்லை என்பது அவர்கள் வாதம். புருனெல் ஓர் எளிய கணக்கால் இதனை மறுத்தார். ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். அதன் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். கப்பல் கரியைச் சுமப்பது கொள்ளளவால். தண்ணீர் கப்பலைத் தடுப்பது பரப்பால். எனவே கப்பல் பெரிதாகுந்தோறும், அது சுமக்கக்கூடிய கரி அதற்கு வேண்டிய கரியைவிட விரைவாகப் பெருகும். அவருடைய மூன்று கப்பல்களும் இந்த ஒரு கணக்கின் பிள்ளைகளே.

முதற் கப்பல்

கிரேட் வெஸ்டர்ன் என்று பெயரிடப்பட்ட முதற் கப்பல் பிரிஸ்டலில் பேட்டர்சன் என்பவரின் துறையில் உருவாகி, 1837 ஜூலை 19 அன்று நீரில் இறங்கியது. ஓக்கு மரத்தால் ஆன உடல். இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள். நீளம் 236 அடி. எந்திரங்களைப் பொருத்துவதற்காக இலண்டன் சென்று, 1838 மார்ச்சு இறுதியில் அது பிரிஸ்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் கொதிகலன் அறையில் தீப்பற்றியது. தீயை அணைக்க இறங்கிய புருனெல், கரிந்திருந்த ஏணிப்படி முறிந்து ஏறத்தாழ இருபதடி கீழே விழுந்தார். கீழே நின்ற நண்பர் கிளாக்ஸ்டன்மேல் விழுந்ததால் உயிர் தப்பினார். தீயின் செய்தி பரவியதும், பயணச்சீட்டு வாங்கியிருந்த ஐம்பது பேர் வரை பின்வாங்கினர். ஏப்ரல் 8 அன்று கப்பல் புறப்பட்டபோது அதில் இருந்த பயணிகள் எழுவர்.

இதற்குள் போட்டி நிறுவனம் ஒன்று, அயர்லாந்துக்கும் இலண்டனுக்கும் இடையே ஓடிய சிரியஸ் என்னும் சிறு கப்பலை வாடகைக்கு அமர்த்தி, நான்கு நாள் முன்னதாகவே கார்க் துறைமுகத்திலிருந்து அனுப்பிவிட்டது. சிரியஸ் ஏப்ரல் 22 அன்று கரியெல்லாம் ஏறக்குறையத் தீர்ந்த நிலையில் நியூயார்க்கை அடைந்தது. மறுநாள் கிரேட் வெஸ்டர்ன் வந்து சேர்ந்தது. அதன் அறைகளில் இன்னும் ஏறத்தாழ 200 டன் கரி மீந்திருந்தது. முதலில் வந்த பெருமை சிரியசுக்கு உரியது. ஆனால் கணக்கு மெய்யென்று காட்டியது மீந்திருந்த அந்தக் கரியே. பதினைந்து நாளில் கடலைக் கடந்து, குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளை ஒட்டிச் சேரும் பயணம் அன்றுமுதல் வணிகர் கைக்கு வந்தது.

ஆனால் அதன் விளைவை அறுவடை செய்தவர் வேறொருவர். ஆங்கில அரசின் அஞ்சலைச் சுமக்கும் ஒப்பந்தம் 1839இல் கனடாவைச் சேர்ந்த சாமுவேல் குனார்டுக்குக் கிடைத்தது. அவர் ஒரே அளவில் நான்கு கப்பல்களைக் கட்டி, 1840 முதல் முறையாக ஓட்டினார். ஒரே கப்பல் எவ்வளவு சிறந்ததாயினும் அஞ்சல் சேவைக்குப் போதாது என்பதைக் குனார்டு உணர்ந்திருந்தார். புருனெலோ முதற் கப்பலைப் போல இரண்டாவதைக் கட்ட மனமில்லாமல், அதனினும் பெரியதை நோக்கிச் சென்றார். கிரேட் வெஸ்டர்ன் எட்டாண்டுகள் அட்லாண்டிக்கில் ஓடி, 1847இல் விற்கப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அஞ்சல் சுமந்து, கிரிமியப் போரில் படைகளைச் சுமந்து, 1856இல் தேம்சுக் கரையில் உடைக்கப்பட்டது.

இரும்புக் கலம்

இரண்டாவது கப்பலும் முதலில் மரத்தாலேயே திட்டமிடப்பட்டது. பெரிய அளவுக்கு மரம் தாங்காது எனக் கண்டு இரும்புக்கு மாறினார் புருனெல். துடுப்புச் சக்கரங்களுக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1840இல் ஆர்க்கிமிடீஸ் என்னும் சிறு கப்பல் திருகால் இயங்கிப் பிரிஸ்டலுக்கு வந்தது. அதனை ஆராய்ந்த புருனெல், செய்த வேலையை ஒதுக்கிவிட்டுத் திருகை ஏற்குமாறு நிறுவனத்தாரை இணங்கவைத்தார். பெருங்கடலைக் கடக்கும் பெரிய இரும்புக் கப்பலுக்குத் திருகு பொருத்தப்பட்டது அதுவே முதன்முறை.

322 அடி நீளமுள்ள கிரேட் பிரிட்டன், 1843 ஜூலை 19 அன்று இளவரசர் ஆல்பர்ட் முன்னிலையில் நீரேற்றம் கண்டது. அவ்வாண்டிலேயே புருனெலைப் பற்றிய வேறொரு செய்தியும் நாட்டவர் வாயில் புரண்டது. குழந்தைகளுக்கு வித்தை காட்டும்போது அவர் பொற்காசு ஒன்றை விழுங்கிவிட, அது மூச்சுக்குழலில் சிக்கிக்கொண்டது. மருத்துவர் கருவிகள் பயன்படவில்லை. தம்மை ஒரு பலகையில் கட்டித் தலைகீழாகச் சாய்த்துக் குலுக்குவதற்கு ஒரு பொறியைத் தாமே வகுத்தார். சில வாரங்களுக்குப் பின் காசு வெளியே விழுந்தது. தம் உடலையும் ஒரு பொறியியல் சிக்கலாகவே காணும் இயல்பினர் அவர்.

கப்பல் உருவாயிற்று, வெளியே செல்ல வழியில்லை. பிரிஸ்டல் துறையின் மதகு வாயில்கள் கப்பலைவிடக் குறுகியவை. கல்வரிசைகளைப் பெயர்த்து வழியை அகலப்படுத்தி, 1844 இறுதியில்தான் அதனை வெளியே கொணர முடிந்தது. 1845 ஜூலையில் நியூயார்க்குக்கு முதற்பயணம் சென்றது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 22 இரவில், வழி தவறி அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் மணற்கரையில் ஏறிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் மாரிக்கால அலைகள் கப்பலை அடிக்கத் தொடங்கின. நிறுவனத்தார் ஏறக்குறையக் கைவிட்ட நிலையில் புருனெல் அங்குச் சென்று பார்த்தார். உடல் உறுதியாயிருக்கக் கண்டு, விறகுக் கட்டுகளை அடுக்கி அலைதடுப்பு ஒன்றை அமைக்கச் செய்தார். ஓராண்டுக்கு அணுக்கமாகக் கரையில் கிடந்து, 1847 ஆகஸ்டில் கப்பல் மீட்கப்பட்டது. அந்நிலையில் மரக்கப்பல் சிதறியிருக்கும். இரும்பின் வலிமையை உலகுக்கு உணர்த்தியது இந்த விபத்தே. ஆனால் கட்டிய செலவில் சிறுபகுதிக்கே காப்பீடு இருந்தமையால் நிறுவனம் மூழ்கியது. கப்பல் அடிவிலைக்குக் கைமாறியது.

பெருங்கலம்

ஆஸ்திரேலியாவில் 1851இல் பொன் கிடைத்த செய்தி பரவியது. ஆயிரமாயிரம் பேர் அங்குச் செல்லத் துடித்தனர். வழியில் கரி ஏற்றும் துறைகள் சில, அங்கும் இங்கிலாந்திலிருந்தே கரி கொண்டுசெல்லப்பட வேண்டும், விலை மிகுதி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இந்தியாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ இடையில் கரி ஏற்றாமலே செல்லும் கப்பல் ஒன்றை 1852இல் புருனெல் மனத்தில் வரைந்தார். பழைய கணக்கையே மீண்டும் போட்டார். விடையாக வந்தது 692 அடி நீளமுள்ள ஒரு மலை. நாலாயிரம் பயணிகளையும் பன்னீராயிரம் டன் கரியையும் சுமக்கத்தக்கது. துடுப்புச் சக்கரம், திருகு, ஆறு பாய்மரங்கள் ஆகிய மூவகையாலும் இயங்கக்கூடியது. உடலுக்குள் மற்றோர் உடலாக இரட்டைச் சுவர் கொண்டது. ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆணிகளால் இணைக்கப்பட்டது. நீளத்தில் அதனை வெல்ல 1899 வரை வேறு கப்பல் பிறக்கவில்லை.

இலண்டனின் மில்வால் துறையில் சான் ஸ்காட் ரசல் என்னும் புகழ்பெற்ற கப்பற்கலைஞர் அதனைக் கட்ட ஒப்பந்தம் ஏற்றார். 377,200 பவுன் என்று அவர் குறித்த விலை மிகக் குறைவு. 1854இல் வேலை தொடங்கியது. 1856இல் ரசல் பணமுடையில் வீழ்ந்தார். இருவருக்கும் மனம் முறிந்தது. புருனெலின் வரலாற்றை 1957இல் எழுதிய ரோல்ட், பழியை ரசல்மேல் ஏற்றினார். பின்வந்தோர் ரசல் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரைத்தனர். ஒருவர் மனத்தில் எழுந்ததை மற்றொருவர் கையால் செய்யும்போது பெருமையைப் பங்கிடுவது எளிதன்று. புருனெலும் பங்கிட விரும்பியவர் அல்லர். கப்பலின் கருத்தும் பொறுப்பும் தம்முடையவையே என்பதில் அவர் கடுமையாயிருந்தார். அந்தக் கடுமைக்கு அவரே விலை கொடுத்தார். பொறுப்பு முழுவதும் அவர் தோளிலேயே விழுந்தது.

ஆற்றின் அகலம் கப்பலின் நீளத்துக்குப் போதாமையால் பக்கவாட்டில் இறக்க வேண்டியிருந்தது. 1857 நவம்பர் 3 அன்று முதன்முதல் நகர்த்த முயன்றனர். அமைதி வேண்டும் என்று புருனெல் கேட்டிருக்க, நிறுவனத்தாரோ வேடிக்கை பார்க்கச் சீட்டு விற்று ஆயிரக்கணக்கானோரைத் திரட்டியிருந்தனர். கப்பல் திடீரென நகர, சங்கிலியைப் பிடித்திருந்த சுழற்பொறி எதிர்ப்புறமாய்ச் சுழன்று தொழிலாளரைத் தூக்கி எறிந்தது, உயிரிழப்பு நேர்ந்தது. அன்று நின்ற கப்பல், நீரழுத்தப் பொறிகளால் அங்குலம் அங்குலமாகத் தள்ளப்பட்டு, 1858 சனவரி 31 அன்றுதான் மிதந்தது. அந்த நாள்களில்தான் ராபர்ட் அவுலட் என்பவர் அந்தப் புகழ்பெற்ற நிழற்படத்தை எடுத்தார். பேருருவச் சங்கிலிகளின் முன்னே, உயர்ந்த தொப்பியும் வாயில் சுருட்டும் சேறு படிந்த கால்சட்டையுமாக ஒரு குள்ள மனிதர் நிற்கிறார். வெற்றிக் களிப்பு அம்முகத்தில் இல்லை. தூக்கமின்மை தெரிகிறது.

நிறுவனம் திவாலாகி, கப்பல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெயர் நிலைத்தது. புருனெலைச் சிறுநீரக நோய் பற்றியது. மருத்துவர் சொற்படி 1858 குளிர்காலத்தில் எகிப்து சென்றார். தொழிலில் தமக்குப் போட்டியாளராகவும் வாழ்வில் நண்பராகவும் இருந்த ராபர்ட் ஸ்டீபன்சனோடு கிறித்துமசு நாளில் கெய்ரோவில் உணவருந்தினார். இருவருக்கும் அதுவே கடைசிக் கிறித்துமசு. 1859 மேயில் சால்டாஷ் நகரில் அவர் கட்டிய பெரும்பாலம் திறக்கப்பட்டது. விழாவுக்குச் செல்ல உடல் இடம் தரவில்லை. பின்னொரு நாள் திறந்த வண்டியில் படுத்தவாறே அப்பாலத்தைக் கடந்தார்.

1859 செப்டம்பர் 5 அன்று, புறப்பட ஆயத்தமாயிருந்த கப்பலின் மேல்தளத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் வாதம் தாக்கி வீழ்ந்தார். அவரை வீட்டுக்குக் கொண்டுசென்றனர். கப்பல் சோதனைப் பயணம் புறப்பட்டது. 9ஆம் நாள், ஹேஸ்டிங்ஸ் நகருக்கு அப்பால், முன்புகைபோக்கியைச் சூழ்ந்திருந்த நீர்க்கூடு வெடித்தது. வெளியேற வேண்டிய நீராவியின் அடைப்பு மூடிக் கிடந்ததே காரணம். கரியிடும் தொழிலாளர் வெந்து மாண்டனர். அலங்கார மண்டபம் நொறுங்கியது. வேறெந்தக் கப்பலும் அவ்வெடிப்பில் மூழ்கியிருக்கும்; இது தொடர்ந்து சென்றது. செய்தி நோயாளியை எட்டிற்று. செப்டம்பர் 15 இரவு, ஐம்பத்து மூன்றாம் வயதில், புருனெல் உயிர் நீத்தார். அடுத்த மாதம் ஸ்டீபன்சனும் மறைந்தார்.

இறந்த பின் தொடர்ந்த வாழ்வு

கிரேட் ஈஸ்டர்ன் கிழக்கே பயணிகளை ஏற்றிச் செல்லவே இல்லை. நியூயார்க் வழியில் அதனை ஓட்டினர். 1860இல் முதற்பயணத்தின்போது, நாலாயிரம் பேருக்கான கப்பலில் கட்டணம் செலுத்திய பயணிகள் நாற்பதின்மர்க்கும் குறைவு. 1862இல் நியூயார்க்கை நெருங்கும்போது கடலடிப் பாறை அதன் வெளியுடலில் 83 அடி நீளத்துக்குப் பிளவை உண்டாக்கியது. உள்ளுடல் உறுதியாயிருந்தமையால் பயணிகள் நனையாமல் கரை சேர்ந்தனர். புருனெலின் இரட்டைச் சுவர் தன் கடமையைச் செய்தது. ஆனால் இழப்புமேல் இழப்பு வந்து, 1864இல் அக்கப்பல் 25,000 பவுனுக்கு விலைபோயிற்று.

அப்போது அதற்கென்றே காத்திருந்தது போல ஒரு பணி வந்தது. அட்லாண்டிக் கடலின் அடியில் தந்திவடம் இட வேண்டும். 1858இல் இடப்பட்ட வடம் சில வாரங்களில் ஊமையாகிவிட்டது. இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட கனத்த வடம் முழுவதையும் ஒரே கப்பலில் சுமக்க வேண்டுமானால், உலகில் அதற்கு ஏற்றது ஒன்றே இருந்தது. பயணிகளுக்கு வேண்டாததாய்ப் போன அந்த வெற்றிடம் வடத்துக்கு வேண்டியதாயிற்று. திருகும் சக்கரங்களும் இரண்டும் இருந்ததால், நின்ற இடத்திலேயே நுணுக்கமாகத் திரும்பவும் முடிந்தது. 1865இல் வடம் நடுக்கடலில் அறுந்து மறைந்தது. 1866 ஜூலை 27 அன்று புதிய வடம் நியூபவுண்ட்லாந்துக் கரையைத் தொட்டது. பின்னர் கப்பல் திரும்பிச் சென்று, இரண்டு மைலுக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து பழைய வடத்தையும் தூண்டிலிட்டு எடுத்து, அதனையும் முடித்துத் தந்தது. 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்ட செய்தி இலண்டனை அடையப் பத்து நாளுக்கு மேலாயிற்று. 1866க்குப் பின் அத்தகைய செய்தி அதே நாளில் கடலைக் கடந்தது.

பிறகு அக்கப்பல் ஒரே ஒரு முறை கிழக்கே வந்தது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. அதன் வழியே செல்ல முடியாத பேருடலாதலால், புருனெல் முதலில் எண்ணிய அதே வழியில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 1870 தொடக்கத்தில் பம்பாய் வந்து சேர்ந்தது. வெப்பத்தைத் தாங்க வெள்ளை வண்ணம் பூசப்பட்டிருந்தது. பம்பாயிலிருந்து ஏடன் வரை வடம் இட்டது. அதனால் இந்தியாவும் இங்கிலாந்தும் கடலடி வழியே பேசத் தொடங்கின. தொடர்ந்து சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு வேறு கப்பல்கள் வடம் இட்டன. பயணிகளைச் சுமக்கப் பிறந்த கலம், பயணியே இல்லாத சொற்களுக்கு வழி அமைத்துத் தந்தது.

வடமிடுவதற்கென்றே புதிய கப்பல்கள் தோன்றியபின் அதற்கு வேலை இல்லாமற் போயிற்று. பல ஆண்டுகள் மில்போர்டு துறையில் துருவேறிக் கிடந்தது. 1886இல் ஒரு கடை நிறுவனம் அதன் உடலெங்கும் பெரிய எழுத்துகளில் விளம்பரம் தீட்டி, லிவர்பூலில் கேளிக்கைக் கூடமாக்கியது. 1889இல் உடைக்கத் தொடங்கினர். ஒன்றரை ஆண்டு உடைத்தும் எளிதில் அடங்கவில்லை. அதன் பாய்மரத் துண்டு ஒன்று லிவர்பூல் காற்பந்துத் திடலில் கொடிமரமாக நிற்கிறது.

கிரேட் பிரிட்டனின் வாழ்வு இதனினும் நெடியது. 1852 முதல் அது ஆஸ்திரேலியாவுக்கு ஓடிற்று. பல்லாயிரம் குடும்பங்கள் அதில் ஏறிப் புதுவாழ்வு தேடிச் சென்றன. கிரிமியப் போருக்கும், 1857இல் இந்தியப் புரட்சியை அடக்கப் பம்பாய்க்கும் அது படைகளைச் சுமந்தது. கப்பலுக்கு அறம் இல்லை. அதனை ஏவுவோருக்கே உண்டு என்பதை இங்கு நினைக்க வேண்டும். 1861இல் ஆஸ்திரேலியா சென்ற முதல் ஆங்கிலக் கிரிக்கெட் அணியும் அதிலேயே பயணம் செய்தது. 1882இல் எந்திரங்களைக் கழற்றி, கரி சுமக்கும் பாய்க்கப்பலாக்கினர். 1886இல் ஆர்ன் முனையருகே புயலில் நைந்து பாக்லந்துத் தீவில் ஒதுங்கி, அங்கேயே மிதக்கும் கிடங்காயிற்று. 1937இல் பயனற்றதென்று ஒரு சிறு குடாவில் கொண்டுபோய்த் துளையிட்டு ஆழமற்ற நீரில் அமிழ்த்தினர்.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், கார்லட் என்னும் கப்பற்பொறிஞரின் விடாமுயற்சியால் அது மீட்கப்பட்டது. 1970இல் மிதவைமேல் ஏற்றி அட்லாண்டிக்கைக் கடந்து பிரிஸ்டலுக்குக் கொணர்ந்தனர். ஏவன் ஆற்றில் வரும்போது கிளிஃப்டன் தொங்குபாலத்தின் அடியில் அது சென்றது. புருனெல் மறைந்தபின் உடன்தொழிலோர் அவர் நினைவாக, அவரே கட்டிய மற்றொரு பாலத்தின் சங்கிலிகளைக் கொண்டு 1864இல் முடித்த பாலம் அது. 1844இல் கப்பல் புறப்பட்டபோது அங்கே இருந்தவை வெறும் கோபுரங்கள். ஒரே மனத்தில் பிறந்த இரு பிள்ளைகள் ஒன்றையொன்று முதன்முதல் கண்டது அன்றுதான். நீரேற்றம் போதுமான அளவு எழுந்த 1970 ஜூலை 19 அன்று, 127 ஆண்டுகளுக்கு முன் அதே நாளில் எந்தத் துறையில் நீரைத் தொட்டதோ அந்தத் துறைக்குள் கப்பல் திரும்பி நுழைந்தது. இன்றும் அங்கே உள்ளது. துருப்பிடியாமல் காக்க அதன் அடிப்பகுதியைச் சுற்றி வறண்ட காற்றைச் செலுத்தி, நீர்மட்டத்தில் கண்ணாடிப் பலகை அமைத்துப் பேணி வருகின்றனர்.

கணக்கு

புருனெலை வெற்றியாளர் என்பதா, தோல்வியாளர் என்பதா? பங்குதாரரைக் கேட்டால் தோல்வி என்பர். அவர்கள் இழந்தது உண்மை. சுரங்கத்தில் மூழ்கியோரும், சுழற்பொறியால் எறியப்பட்டோரும், நீராவியில் வெந்தோரும் பெரும்பாலும் பெயரின்றிப் போயினர். படத்தில் நிற்பவர் ஒருவரே. அந்தச் சங்கிலிகளை இழுத்தவர்கள் அதில் இல்லை. அவர்களை மறந்து எழுதும் புகழுரை அரைப் புகழுரையே. குறித்த துறைக்குக் கப்பல் சென்றதா என்பதையே அளவாகக் கொண்டால் அவருடைய மூன்றும் தவறின. ஆனால் அவர் போட்ட கணக்கு தவறவில்லை. அவர் வைத்த இரும்பும் உடையவில்லை. வேறொரு தலைமுறை வேறொரு தேவைக்கு வந்து தட்டியபோது, தாங்கி நிற்கும் உறுதியை அவர் உள்ளே வைத்திருந்தார். எந்த வேலைக்கு என்று அவர் அறியமாட்டார். எந்த வேலையையும் தாங்க வேண்டும் என்று அறிந்திருந்தார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் எழுதப்பட்ட பாடல்களுள் எவை எந்தத் துறையைச் சேரும் என்பது நமக்குத் தெரியாது. நாம் எண்ணிய வாசகர் அவற்றைக் காணாமலே போகலாம். நாம் எண்ணாத ஒருவர், நாம் இல்லாத ஒருநாள், அவற்றுள் ஒன்றில் ஏறிக் கடல் கடக்கலாம். அன்று அது நீர் புகாமல் தாங்குமா என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. உள்ளே வைக்கும் இரும்பைப் பற்றியே நாம் கவலை கொள்வோம்.